கோண்டாவில் கிணற்றுத் தண்ணீருக்கு சொஃப்ட்னரா, ஆர்ஓவா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கோண்டாவிலில் வீடு, வளவுக்குள் கிணறு. கேத்திலிலும் குளியலறைக் குழாயிலும் வெள்ளையாகப் படிகிறது, சவர்க்காரம் நுரைக்கவில்லை. வீட்டுக்கு வந்த விற்பனையாளர்களில் ஒருவர், தாங்கியிலிருந்து இறங்கும் பைப்பில் சொஃப்ட்னர் (சுண்ணாம்புத் தண்ணீரை மென்னீராக்கும் மெஷின்) பூட்டினால் அந்தத் தண்ணீரையே குடிக்கலாம் என்கிறார். மற்றவர் குசினிக்கு ஒரு ஆர்ஓ (தண்ணீரை நுண்ணிய சவ்வால் வடிக்கும் மெஷின்) போதும் என்கிறார். இரண்டும் வாங்கக் கையில் காசில்லை, எதை வாங்குவது என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், நான்கு மாதக் குழந்தை போத்தல் பால் குடிப்பதாகவும் அம்மாவுக்குப் பிரஷர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விற்பனையாளர்கள் இரண்டு பேரிடமும் அந்தக் கடைசி வரியைச் சொன்னீர்களா தெரியவில்லை. என் பதில் முழுக்க அந்த வரியை வைத்துத்தான் வரப்போகிறது.

நான் இரசாயனம் படித்தவன். இருபது வருடங்களுக்கு மேல் தண்ணீர் ஆய்வுகூடத்தில் போத்தல்களோடு மல்லுக்கட்டியவன். வைத்தியன் அல்ல. உங்கள் கிணற்றையும் பார்த்ததில்லை. பக்கத்துப் பக்கத்து வளவுக் கிணறுகள் இரண்டு எதிரெதிரான முடிவு காட்டியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே கீழே சொல்வதில் பொதுவாக உறுதியானது எது, உங்கள் கிணற்றைச் சோதித்த பிறகே சொல்லக்கூடியது எது என்று பிரித்துக்கொண்டே போகிறேன்.

முதலில் சொஃப்ட்னர். யாழ்ப்பாணத்துக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கும்போது கல்சியத்தையும் கொஞ்சம் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்தோமே, அதுதான். சூடாக்கினால் அதில் ஒரு பகுதி கல்சியம் காபனேற்றாகப் பிரிந்து கேத்திலின் அடியில் படியும். சொஃப்ட்னருக்குள் சின்னச் சின்ன மணிகளாகப் பிசின் இருக்கும். தண்ணீர் அதற்குள்ளால் போகும்போது மணிகள் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, தங்களிடமுள்ள சோடியத்தை விட்டுக்கொடுக்கும். சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசலால் கழுவி மணிகளை மறுபடி நிரப்ப வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்: கீசர் அடைபடாது, உடுப்புத் தோய்க்கிற மெஷின் நீடிக்கும், சவர்க்காரம் நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், தேத்தண்ணியின் மேல் மிதக்கும் அந்த மெல்லிய ஆடை போய்விடும்.

ஆனால் கிருமியை அது தொடாது. உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்றைத் தொடாது. உவரையும் தொடாது. எங்கள் ஊரில் 'உப்புத் தண்ணி' என்று இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவதால் நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். வன்மை, அதாவது கரைந்திருக்கும் கல்சியமும் மகனீசியமும், வேறு, உவர் வேறு. தீவுப் பகுதியிலோ கடற்கரையோரத்திலோ கிணறு உவர்க்கிறது என்றால் அது கடல் நீரின் உப்பு. அதற்கு சொஃப்ட்னர் பூட்டினால் உப்பை உப்பால் கழுவுகிற கதைதான். காசு போகும், வாய்க்கு உவர் அப்படியே இருக்கும்.

இனி அம்மாவின் பிரஷர். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வன்மையில் ஒவ்வொரு மில்லிகிராமை எடுக்கும்போதும் தண்ணீருக்குள் ஏறத்தாழ 0.46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. வலிகாமத்துக் கிணறுகளில் வன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டுவது புதினமில்லை. உங்களுடையது 350 என்று வைத்துக்கொண்டால், சொஃப்ட்னருக்குப் பிறகு லீற்றருக்கு 160 மில்லிகிராம் சோடியம் புதிதாக வந்திருக்கும், கிணற்றில் ஏற்கனவே இருந்தது வேறு. இரண்டு லீற்றர் குடித்தால் 320. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்கு உள்ளே சோடியத்தை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரண ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை, எங்கள் கருவாட்டிலும் ஊறுகாயிலும் இதைவிட அதிகம் போகிறது. ஆனால் உப்பைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் எழுதிக் கொடுத்த ஒருவருக்கு, அவர் குடிக்கிற தண்ணீரிலேயே உப்பைக் கூட்டுவது புத்தியான வேலை இல்லை. போத்தல் பால் குடிக்கிற குழந்தைக்கும் அதே கதைதான். எனவே சொஃப்ட்னர் தண்ணீரையே எல்லோரும் குடிக்கலாம் என்று முதலாமவர் சொன்னது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

கேத்திலில் படியும் வெள்ளை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது நைத்திரேற்றுக்கு. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை, கேத்திலிலும் படியாது. கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய், இணுவில், சுன்னாகம் என்று நீளும் செம்மண் தரையில் வெங்காயம், புகையிலை, மிளகாய், உருளைக்கிழங்கு என்று வருடம் முழுக்கத் தோட்டம் ஓய்வதில்லை. போடுகிற யூரியாவிலும் எருவிலும் பயிர் எடுத்தது போக மிச்சம், மழையோடும் இறைப்புத் தண்ணீரோடும் கீழே இறங்குகிறது. அடுத்தது மலசலகூடக் குழி. இரண்டு பரப்புக் காணியில் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் குழி, பக்கத்து வீட்டுக்காரரின் குழி வேலிக்கு அந்தப் பக்கம். ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மணலும் களியும் உள்ள ஊரில் அந்த ஐம்பது அடி தண்ணீரை ஓரளவு வடிகட்டும். சுண்ணக்கல் வெடிப்பில் தண்ணீர் ஓடுமே தவிர வடிகட்டப்படாது.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எங்கள் நாட்டின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614உம் அதுவே. இங்கே ஒரு பொறி இருக்கிறது, அறிக்கை கையில் வரும்போது கவனியுங்கள். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாக எழுதும், சில நைத்திரேற்றிலுள்ள நைதரசனாக எழுதும். இரண்டாவது முறையில் எல்லை 11 மட்டுமே. நைதரசன் கணக்கில் 20 என்று வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'ஐம்பதுக்குக் குறைவுதானே' என்று நிம்மதியாகப் போனவரை நான் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறேன். 20ஐ 4.4 ஆல் பெருக்குங்கள், 88.

குழந்தைக்கு இது ஏன் முக்கியம்? நைத்திரேற்று உடம்புக்குள் நைத்திரைற்றாக மாறி, ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக ஆக்குகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் அதைத் திருப்பிச் சரியாக்கும் திறன் குறைவு. உதடும் நகமும் நீலம் பாயும், அதனால்தான் நீலக் குழந்தை நோய் என்ற பெயர். வயிற்றோட்டமும் கூட இருந்தால் ஆபத்து கூடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை, தாய் குடிக்கும் தண்ணீரின் நைத்திரேற்று பாலுக்குள் பெரிதாக வருவதில்லை. பால்மா கரைக்கும் தண்ணீர்தான் பிரச்சினை. இன்னுமொன்று: கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று எங்கள் அம்மம்மாக்கள் சொன்னது கிருமிக்குச் சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இப்போது ஆர்ஓ. மிக நுண்ணிய சவ்வுக்குள்ளால் தண்ணீரை அமுக்கித் தள்ளுகிறது. கரைந்திருப்பவற்றில் பெரும்பகுதி சவ்வுக்கு வெளியே நின்று கழிவு நீரோடு போய்விடும். வன்மை, உவர், புளோரைட்டு எல்லாம் நன்றாகக் குறையும். நைத்திரேற்று இவற்றைவிடச் சற்றுச் சுலபமாக நழுவி வரும், ஆனாலும் நல்ல சவ்வு 80 முதல் 90 வீதம் வரை பிடிக்கும். வீட்டில் பூட்டுகிறவற்றில் நைத்திரேற்றைக் குறைக்கக்கூடியவை பெரும்பாலும் ஆர்ஓவும், நைத்திரேற்றுக்கென்றே செய்த வேறொரு வகைப் பிசினும்தான். யூ.வி. (புற ஊதா) விளக்கு கிருமியைக் கொல்லும், கரைந்த எதையும் எடுக்காது. மெழுகுதிரி மாதிரி நிற்கும் மட்பாண்ட ஃபில்டரும் அப்படியே. கரி ஃபில்டர் மணத்தையும் குளோரினையும் எடுக்கும். இவற்றில் ஒன்றைக் காட்டி 'எல்லாம் சுத்தமாகும்' என்று யாராவது சொன்னால், நைத்திரேற்றைக் கேளுங்கள். மாட்டிக்கொள்வார்.

ஆர்ஓ வாங்கும்போது பேனாவைப் போன்ற ஒரு மீற்றரைத் தண்ணீருக்குள் விட்டு, முன்னே 700, பின்னே 60 என்று காட்டுவார்கள். அந்த டீ.டீ.எஸ். மீற்றர் அளப்பது மின் கடத்தலை. கரைந்த உப்புகளின் மொத்தக் கூட்டை ஒரு குத்துமதிப்பாகச் சொல்லும், அதில் நைத்திரேற்று எவ்வளவு என்று சொல்லாது, கிருமியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அப்புறம், பல மெஷின்களுக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கும். ருசிக்காகக் கொஞ்சம் ஆர்ஓ ஆகாத தண்ணீரைத் திருப்பிக் கலப்பதற்கு. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று நீங்கள் குறைப்பட்டால், வருகிற பையன் அதைத் திறந்துவிட்டுப் போவான். கலந்து வருவது உங்கள் கிணற்று நைத்திரேற்றுத்தான். உங்கள் வீட்டில் அந்தத் திருகு மூடியே இருக்கட்டும்.

மீற்றரை நம்பி இருக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சவ்வு பழசாகும்போது நைத்திரேற்றுத்தான் முந்தி நழுவத் தொடங்கும், மீற்றர் அப்போதும் அழகான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது ஆர்ஓவிலிருந்து வருகிற தண்ணீரையும் ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். வன்னீரில் சவ்வு சுண்ணாம்பு படிந்து சீக்கிரம் அடைபடும் என்பதும் உண்மை. சொஃப்ட்னருக்குப் பின்னால் ஆர்ஓ வைத்தால் சவ்வு நீடிக்கும், சொஃப்ட்னர் சேர்த்த சோடியத்தையும் ஆர்ஓ எடுத்துவிடும். காசிருந்தால் அது நல்ல சோடி. உங்களிடம் இல்லை என்கிறீர்கள். சரி, அப்படியானால் சவ்வை ஒரு வருடம் முந்தி மாற்ற வேண்டி வரலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்துக்கு இடமான விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், இவற்றை வைத்துத்தான் அதிகம் வியாபாரம் நடக்கிறது. வன்னீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்பது எங்கள் ஊரின் நிலையான நம்பிக்கை. ஆய்வுகள் அதை உறுதியாக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் வன்மைக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் வைக்கவில்லை. எஸ்.எல்.எஸ். தரத்தில் 250 என்று ஓர் எண் இருப்பதைக் காட்டி, அதற்கு மேலே போனால் விஷம் என்று மிரட்டுவார்கள், அதை அப்படி வாசிக்கக்கூடாது. வெயிலில் நின்றுவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்கு நிச்சயமான நண்பன். ஏற்கனவே கல் வந்தவர் தன் வைத்தியரைக் கேட்கட்டும். அநுராதபுரப் பக்கத்துச் சிறுநீரக நோயை இங்கே கொண்டுவந்து பொருத்துவதும் சரியில்லை. அதன் காரணமே இன்னும் தீர்மானமாகவில்லை. நைத்திரேற்றும் புற்றுநோயும் பற்றி: உடம்புக்குள் நைத்திரோசோ சேர்வைகள் உருவாகும் நிலைமைகளில் அது அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. ஆனால் வெற்றிலை, புகையிலை போடுகிற ஊரில் எது எதனால் வந்தது என்று பிரிப்பது கடினம். பெரியவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று ஒரு எண் கேட்டால் என்னிடம் இல்லை. ஆர்ஓ தண்ணீரில் கனியுப்பு இல்லை, எலும்பு தேயும் என்கிற பேச்சும் உண்டு. கல்சியம் எங்களுக்குப் பெரும்பாலும் வருவது பால், மீன், கீரையிலிருந்து. ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு நான் அதைப் பெரிதாக எடுக்க மாட்டேன். பைப்பில் காந்தம் சுற்றினால் சுண்ணாம்பு படியாது என்பவர்களுக்கு மட்டும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இனி, விற்பனையாளர்கள் சொல்லாத ஒன்று. சொஃப்ட்னரைக் கழுவிய உப்புத் தண்ணீர் எங்கே போகும்? நானே பட்ட பாடு இது. என் வீட்டில் ஒன்று பூட்டினேன், கழிவு பைப்பை வசதியாக வாழையடிக்கு விட்டேன். சில மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகி, குட்டியும் வராமல் போயிற்று. பூட்டியவரிடம் கேட்டேன், வாழைக்கு ஏதோ நோய் என்றார். நானும் இரசாயனம் படித்தவன், அதை நம்பிக்கொண்டு இரண்டு மாதம் மருந்தடித்தேன்! பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 500 லீற்றர், வன்மை 350 என்றால், அதை எடுக்க நடைமுறையில் நாளுக்கு 400 கிராம் உப்பு வரை தேவை. மாதம் 12 கிலோ. வருடத்துக்கு ஏறத்தாழ மூன்று மூட்டை உப்பை என் வளவுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாழை போனது பரவாயில்லை. அந்த உப்பு அங்கே நிற்பதில்லை, கிணற்றுக்குப் போகிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர். குடாநாடு முழுவதுமே கிட்டத்தட்ட அப்படித்தான், கடல் நீருக்கு மேல் நன்னீர் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். கீழிருந்து உவர் ஏறுகிற ஊரில் மேலிருந்தும் நாங்களே உப்பை ஊற்றுகிறோம். ஒரு வீடு செய்தால் தெரியாது. ஒழுங்கை முழுக்கச் செய்தால் பத்து வருடத்தில் பேரப்பிள்ளைகள் ருசியில் கண்டுபிடிப்பார்கள்.

ஆர்ஓவும் இதில் முழுக்கப் புனிதமில்லை. ஒரு லீற்றர் எடுக்க இரண்டு மூன்று லீற்றரைக் கழிக்கும். ஆனால் அது புதிதாக உப்புச் சேர்ப்பதில்லை, கிணற்றில் இருந்ததைச் செறிவாக்கித் திருப்பிக் கொடுக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் நாளுக்கு 15, 20 லீற்றர் போதும். கழிவு நீரை ஒரு வாளியில் பிடித்து மலசலகூடத்துக்கும் முற்றம் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் தென்னைக்கு ஊற்றலாம், அது தாங்கும். வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் வேண்டாம்.

எதையும் வாங்க முன் சோதியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் வழி காட்டுவார், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலும் விசாரிக்கலாம். கேட்க வேண்டியவை: வன்மை, நைத்திரேற்று, உவரைக் காட்டும் குளோரைட்டு, மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி. கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய போத்தலை அவர்களிடமே வாங்கி, எடுத்த தண்ணீரைக் குளிராக வைத்து அன்றைக்கே கொடுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்ட கையோடு எடுக்காதீர்கள். ஒருமுறை சோதித்தால் போதாது. மாரி மழை தொடங்கி, தோட்டத்து உரம் கழுவுப்பட்டு இறங்கும் காலத்தில் ஒன்று, கோடை முடிவில் ஒன்று. விற்பனையாளர் கொண்டுவரும் இலவசச் சோதனையை, அது இலவசம் என்பதற்காகவே நம்ப வேண்டாம்.

என் கருத்து இது. நைத்திரேற்று 50ஐத் தாண்டினால் குசினியில் சின்ன ஆர்ஓ, முதல் காசு அதற்குத்தான். ஆர்ஓ தண்ணீரையும் குழந்தைக்குக் கொதிக்க வைத்தே பால்மா கரையுங்கள். நைத்திரேற்று குறைவாக இருந்து ஈ.கோலை மட்டும் இருந்தால் ஆர்ஓ தேவையில்லை, கொதிக்க வைத்தாலோ ஒழுங்கான யூ.வி. வைத்தாலோ போதும், அதோடு குழி எங்கே கசிகிறது என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து வன்மை மட்டும்தான் என்றால், நீங்கள் குடித்து வளர்ந்த தண்ணீரை இனியும் குடிக்கலாம். கேத்திலுக்கு மாதம் ஒருமுறை தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட்டுச் சூடாக்கி ஊற வைத்தால் வெள்ளை கழன்று வரும். ஷவர் முகத்தைக் கழற்றி இரவு வினாகிரிக்குள் போடுங்கள். கீசர் பெரியது, மெஷின் விலை கூடியது என்றால் பிறகு சொஃப்ட்னரை யோசிக்கலாம், அப்போதும் குளியலறைக்கும் தோய்க்கிற இடத்துக்கும் போகும் பைப்பில் மட்டும். குசினிக் குழாய்க்குப் பழைய கிணற்றுத் தண்ணீரே வரட்டும்.

தண்ணீரில் எண்ணெய் மணமோ மேலே வானவில் படலமோ இருந்தால் இந்தப் பதிலை மறந்துவிடுங்கள். 2014, 2015இல் சுன்னாகத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலம் ஞாபகமிருக்கும். அதற்கு வீட்டு மெஷின் எதுவும் விடையில்லை, பரிசோதகருக்கு அறிவித்துவிட்டு அந்தக் கிணற்றை விட்டு விலகுங்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள்: தாளையடியில் 2024 ஆகஸ்ட்டில் திறந்த, கடல் நீரிலிருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையத்தின் குழாய் உங்கள் ஒழுங்கைக்கு வருமா, எப்போது வரும்? அது ஏற்கனவே பெரிய ஆர்ஓவுக்குள்ளால் வந்த தண்ணீர். இணைப்புக் கிடைக்கும் என்றால் மெஷினுக்கு வைத்த காசை அதற்குக் கட்டுங்கள்.

அறிக்கை கைக்கு வர நாளாகலாம். அதுவரை குழந்தையின் பாலுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீரை நிறுத்திவிட்டு, சுகாதார அமைச்சின் பதிவு இலக்கம் போட்ட போத்தல் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள். அறிக்கை வந்ததும் அந்த நான்கு எண்களையும் இங்கே போடுங்கள். நைத்திரேற்று எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது என்பதையும், கிணற்றிலிருந்து உங்கள் குழிக்கும் பக்கத்து வீட்டுக் குழிக்கும் எத்தனை அடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.